கேட்டால் என்ன ஆகும்?

"சாகப்போறேன்னு சொல்றவன் சாகமாட்டான்."

வீட்டில் பிள்ளையோ மருமகளோ விரக்தியில் ஒரு வார்த்தை விட்டுவிட்டால், பெரியவர்களில் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியும் துணைக்கு வரும். கெட்ட எண்ணத்தில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. தங்கள் பயத்தை அடக்கிக்கொள்ளத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சு உயிர்களைக் காவு வாங்கியிருக்கிறது. தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது இதுதான்: இறந்தவர்களில் பலர் அதற்கு முன்பே யாரிடமாவது, ஏதோ ஒரு வகையில் சொல்லியிருந்தார்கள்.

அது நேரடியாகச் சொன்னதாக இருக்க வேண்டியதில்லை. "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி." "இனிமே என்னால தொந்தரவு இருக்காது." ஆசையாக வைத்திருந்த பொருளைத் திடீரென்று தங்கையிடம் கொடுத்துவிடுவது, பல நாள் தூங்காமல் கிடப்பது, நண்பர்களின் போனை எடுக்காமல் விடுவது எல்லாம் அந்தப் பேச்சின் வேறு வடிவங்களே. சும்மா மிரட்டுகிறான் என்றே வைத்துக்கொண்டாலும், சாவைச் சொல்லித்தான் தன் வேதனையைத் தெரிவிக்க முடிகிறது என்ற நிலைக்கு ஒரு பிள்ளை வந்திருப்பதே கவலைப்பட வேண்டிய செய்தி.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. கேட்கலாமா? அங்கேதான் அடுத்த நம்பிக்கை குறுக்கே நிற்கிறது. "அதைப் பத்தி வாயைத் திறந்தாலே இல்லாத எண்ணமும் வந்துடும்" என்று அம்மா பதறுவார். "அபசகுனமா பேசாதே" என்று பாட்டி அடக்குவார். இந்த அச்சம் நியாயமானதா என்று நியூயார்க் மாநிலத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 6 உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றி வெளிப்படையாகக் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கலங்கியிருக்கவில்லை. அவர்களுக்குப் புதிதாக அந்த எண்ணம் முளைத்துவிடவும் இல்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்களின் கலக்கம் சற்றுக் குறைந்தே இருந்தது. 2005இல் வெளியான ஆய்வு இது.

ஆகவே கேட்கலாம், சுற்றி வளைக்காமல், பழக்கமான வார்த்தைகளிலேயே. "உசுரோட இருக்கவே வேண்டாம்னு தோணுதாம்மா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. நம் வீடுகளில் அந்த மௌனத்துக்குள் உடனே அறிவுரை புகுந்துவிடும். "உனக்கு என்ன குறை வெச்சோம்?", "உங்கப்பா பட்ட கஷ்டத்துல பாதி பட்டிருக்கியா?" அப்பா கஷ்டப்பட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்த பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்காது.

இந்த நம்பிக்கைகளில் மிகவும் கொடியது, விதியின் பெயரால் வருவது: "முடிவு பண்ணவனை யாரால தடுக்க முடியும்? இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு." இதற்குச் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பதில் இருக்கிறது. அங்குள்ள கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தற்கொலைக்கு முயன்றபோது தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்க்கையை ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் தேடிப்போனார். அவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேற்பட்டோர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். ஹூஸ்டனில், முயன்று பிழைத்த இளைஞர்களிடம் முடிவுக்கும் செயலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவர் சொன்ன பதில், 5 நிமிடத்துக்கும் குறைவு. மாதக்கணக்கில் மனதுக்குள் புழுங்கியவர்களுக்குக்கூட அந்த உச்சக் கொதிப்பு ஏறி இறங்கும். அது இறங்கும்வரை கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாதிருந்தால் உயிர் தப்பிவிடும்.

இதை இலங்கையின் கதையைவிடத் தெளிவாக எதுவும் சொல்ல முடியாது. 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. 1995இல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் அரசு தடை போட்டது. 1998இல் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியையும் தடை செய்தது. 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டில், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட ஏறத்தாழ 20,000 தற்கொலைகள் குறைந்தன. போரும் வேலையின்மையும் ஏறி இறங்கிய விதத்தோடு இந்தச் சரிவு பொருந்தவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அப்போது குறைந்துவிடவில்லை. வந்தவர்களில் கூடுதலானோர் பிழைத்தார்கள். விளைச்சலும் சரியவில்லை.

நம் கிராமங்களில் அந்த நஞ்சுக்குப் பெயரே 'மருந்து'. "மருந்தைக் குடிச்சிட்டா" என்றால் எல்லாருக்கும் புரியும். மருந்து என்பதாலோ என்னவோ, அரிசி மூட்டைக்குப் பக்கத்திலும் பரண் மேலும் அது சாதாரணமாக இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவினர் ஒரு மாற்று வழியை முயன்று பார்த்தார்கள். வங்கி லாக்கர் போலப் பூட்டும் பெட்டிகள் கொண்ட பொது அறைகளைக் கட்டி, விவசாயிகள் தங்கள் பூச்சிமருந்தை அங்கே வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். வீட்டிலிருந்து அந்த அறைவரை நடந்துபோகிற நேரம் கிடைக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவும். பூட்டிய அலமாரி, வீட்டில் சேர்த்து வைக்காமல் அளவாக வாங்கும் மாத்திரை என்று எந்தக் குடும்பமும் இதைச் செய்யலாம்.

தமிழ்நாட்டில் தோற்ற பாடத்தைச் சில வாரங்களிலேயே மறுபடி எழுத வைக்கும் துணைத்தேர்வும் ஒரு விதத்தில் அவகாசம் தரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஓர் ஆண்டே போய்விட்டது என்ற பதற்றத்துக்கு அங்கே இடமில்லை. 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதில்லை. பக்கத்து வீட்டு ரேங்க் பட்டியலை நிறுத்துவது மட்டும் பெற்றோர் கையில் இருக்கிறது.

பிழைத்து வந்தவரைச் சுற்றி இரண்டு நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்பது. அந்தப் பயத்தில்தான் எத்தனையோ செய்திகளில் 'தீராத வயிற்றுவலி' காரணமாக வந்தது. 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. எதைக் குடித்தார் என்பதை மறைத்தால் சிகிச்சைதான் தாமதமாகும்.

இன்னொன்று: "இனி புத்தி வந்திருக்கும். அதைப் பத்தி யாரும் அவகிட்ட பேசாதீங்க." உண்மையில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மாதங்களும்தான் மிக ஆபத்தான காலம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் 9 முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்ற விசாரிப்பு. 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தனர். மற்றவர்களில் அது 2.2 விழுக்காடு. அந்த விசாரிப்பில் விலை உயர்ந்த மருந்தோ கருவியோ எதுவும் இல்லை. ஒரு சித்தியோ மாமாவோ காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை செய்யக்கூடியதுதான். மனநல மருத்துவரிடம் போவதை அது ஈடுகட்டாது. அதோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகாவின் எண் 044-24640050. அழைப்பவர் பெயர் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கும் அப்பா அம்மாவும் அந்த எண்களில் பேசலாம்.