பலாப்பாலும் பனிச்சறுக்குப் பலகையும்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பலாப்பழம் அறுக்கும் நாள் எளிதில் மறக்காது. லயத்து வாசலில் பழைய சாக்கை விரித்துப் பழத்தை வைத்ததும் பாட்டி கத்தியைத் தேடமாட்டார்; தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத்தான் முதலில் தேடுவார். இரண்டு கைகளிலும் கத்தியின் இருபுறமும் எண்ணெயைத் தடவிக்கொண்ட பிறகே பழத்தில் கை வைப்பார். அவசரப்பட்டு வெறுங்கையால் சுளையைப் பிய்த்த பிள்ளைகளின் விரல்கள் ஒன்றோடொன்று பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரத்துக்கும் தண்ணீருக்கும் அந்தப் பால் அசையாது. பிறகு மண்ணெண்ணெயைத் தேட வேண்டியதுதான்.

பால்மரக் காட்டிலும் இதே அறிவு வேறு வடிவில் இருந்தது. மரத்தில் கோடு கீறியதும் வடியும் பால், மங்கில் சேர்ந்து சில மணி நேரம் நிற்கும். அதற்குள் நுண்ணுயிர்கள் பெருகிப் பாலைப் புளிக்கச் செய்தால் அது உறைந்து கட்டிப்பால் ஆகிவிடும். நீர்ப்பாலாகவே ஆலைக்குப் போக வேண்டுமானால், காரத் தன்மையுள்ள அம்மோனியாக் கரைசலை மங்கில் முன்கூட்டியே சில துளி விட்டுவைப்பார்கள். உறைந்த பாலை மீண்டும் நீராக்க முடியாது. ஆகவே, காப்பு முதலில் வர வேண்டும்.

இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நம் நாட்டில் பொதுவாகப் பெய்யாத பனியைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

2018ஆம் ஆண்டு தென் கொரியாவின் பியோங்சாங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. பனிச்சறுக்கு வீரர் ஜெஃப்ரி வெப்பும் பனித்தரை நடன வீரர் ஜூலியன் யீயும் அதில் நம் நாட்டைப் பிரதிநிதித்தனர். 2022ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் ஜெஃப்ரி வெப்புடன் அருவின் சாலேஹுடின் என்ற இளம் வீராங்கனையும் மலைச்சரிவில் சறுக்கினார். பனியே இல்லாத நாட்டின் கொடியுடன் நின்ற அவர்களும் மற்ற வீரர்களைப் போலவே ஒரு சிறு சிக்கலுக்கு விடை கண்டாக வேண்டும். அது, பலகையில் பனி ஒட்டுவது.

பனியின் மேல் பலகை சறுக்க வேண்டும் என்றால் பனி வழுக்க வேண்டும்தானே? அப்படியிருக்க, வழுக்கும் பொருள் எப்படி ஒட்டும்? பலகை பனியில் உரசும்போது வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பத்தில் பனியின் மேற்பரப்பு மிக மெல்லியதாக உருகி, நீர்ப்படலம் ஒன்று தோன்றுகிறது. அந்தப் படலத்தின் மீதுதான் பலகை வழுக்கிச் செல்கிறது. ஆனால், வழுக்க உதவிய அதே நீர் பலகையின் அடிப்பக்கத்தில் தங்கி உறைந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். உறைந்த துகள்மேல் புதிய பனி பற்றும். அதன்மேல் இன்னும் பற்றும். சிறிது நேரத்தில் பலகையின் கீழ் ஒரு கட்டியே வளர்ந்து நிற்கும்.

வெயில் படும் சரிவில் ஈரப்பனியில் சறுக்கிவிட்டு, மரநிழலில் கிடக்கும் குளிர்ந்த பனிக்குள் நுழையும்போது இது அடிக்கடி நிகழ்கிறது. புதியவர்கள் செய்யும் இன்னொரு பிழையும் உண்டு. கதகதப்பான அறையிலிருந்து பலகையை எடுத்துவந்து அப்படியே பனியில் போட்டுவிடுவார்கள். பலகையின் சூட்டில் பனி உருகும். பலகை குளிர்ந்ததும் அந்த நீர் அதன்மீதே பனிக்கட்டியாகும். அனுபவம் உள்ளவர்கள் பலகையைப் பனியில் படாமல் வெளியே சற்று நேரம் சாய்த்து வைத்து, வெளிக்காற்றின் குளிருக்குப் பழக்கிய பிறகே மாட்டிக்கொள்வார்கள். செலவே இல்லாத காப்பு இது.

பனி ஒட்டினால் வேகம் மட்டும் குறைவதில்லை. சறுக்கு வீரரின் காலணி, பூட்டு ஒன்றின்மூலம் பலகையோடு இணைக்கப்பட்டிருக்கும். விழும்போது அந்தப் பூட்டு தானாக விடுபட வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட பலகை காலை முறுக்கிவிடும். காலணியின் அடியில் பனிக்கட்டி ஒட்டியிருந்தால் பூட்டு சரியாகப் பொருந்தாது. தேவையில்லாத இடத்தில் விடுபடலாம், அல்லது தேவையான இடத்தில் விடுபடாமல் போகலாம். முழங்காலின் நலம் ஒரு பிடி பனியைச் சுரண்டி எடுப்பதில் அடங்கியிருக்கிறது.

சரி, எதைப் பூசுவது? பழங்காலத்து ஸ்காண்டிநேவிய மக்கள் மரப்பலகைகளில் பைன் மரத்துத் தாரைக் காய்ச்சித் தடவினார்கள். இன்றைய பலகைகளின் அடிப்பக்கம் பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் ஆனது. அதன்மேல் பாரஃபின் மெழுகைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் உருக்கித் தேய்ப்பார்கள். ஆறியதும் மிகுதியான மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தூரிகையால் துலக்குவார்கள். மெழுகைப் பூசிவிட்டுச் சுரண்டுவானேன் என்று தோன்றலாம். அடிப்பக்கத்தில் ஊடுருவிய மெல்லிய படலமே போதும். மேலே தடித்து நிற்கும் மெழுகு இழுவையைக் கூட்டும். துலக்கும்போது தெளியும் நுண்ணிய கோடுகள் வழியே மிகுதியான நீர் வெளியேறும்.

மெழுகிலும் வகை உண்டு. கடுங்குளிரில் பனித்துகள்கள் கூர்மையாகவும் கெட்டியாகவும் இருக்கும். அவை மென்மையான மெழுகில் குத்தி நின்றுவிடும். ஆகவே, அப்போது கெட்டி மெழுகு வேண்டும். ஈரப்பனிக்கு மென்மையான மெழுகு ஏற்றது. பலகையின் மேற்புறத்திலும் பனி குவிந்து பாரம் ஏறாதிருக்கச் சிலர் மெழுகைத் தேய்ப்பர். சிலர் சிலிக்கோன் தெளிப்பர். பாட்டியின் எண்ணெய்ப் போத்தல் செய்த வேலைதான்!

சமவெளியில் நெடுந்தூரம் செல்லும் வீரர்களின் பாடு இன்னும் சுவையானது. அவர்கள் காலால் உந்தும்போது பலகையின் நடுப்பகுதி பனியைப் பற்ற வேண்டும். வழுக்கும்போது விட்டுவிடவும் வேண்டும். அதற்காக நடுவில் மட்டும் ஒட்டும் தன்மையுள்ள மெழுகைப் பூசுகிறார்கள். மெழுகு சற்று மென்மையாகிப்போனால் பனி உருண்டை உருண்டையாகச் சேர்ந்து, உயரமான கட்டைச் செருப்பில் நடப்பதுபோல் ஆகிவிடும்.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டுவதில்லையே, அதைப் பின்பற்றலாமே என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். மழையில் சேப்பங்கிழங்கு இலையைத் தலைக்குப் பிடித்து ஓடியவர்களும் இதைக் கவனித்திருப்பார்கள். அவ்விலைகளில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் நெருக்கமாக உள்ளன. அவற்றின்மேல் மெழுகு படிந்திருக்கிறது. நீர்த்துளி மேடுகளின் உச்சியில் மட்டுமே நிற்பதால் உருண்டோடிவிடுகிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லோட் 1997ஆம் ஆண்டில் தம் சக ஆய்வாளருடன் வெளியிட்ட கட்டுரை இதை உலகுக்கு விளக்கியது. ஆனால், உறைபனிக்கு முன் இந்த உத்தி தடுமாறுகிறது. காற்றின் ஈரம் மேடுகளுக்கு இடையே புகுந்து அங்கேயே உறைந்தால், பனிக்கட்டிக்கு அந்தப் பள்ளங்களே வேர்போல் அமைந்துவிடும். தண்ணீரை விரட்டும் பரப்பெல்லாம் பனிக்கட்டியையும் விரட்டிவிடாது.

1980களில் ஃபுளோரின் கலந்த மெழுகுகள் விற்பனைக்கு வந்தன. நீரையும் அழுக்கையும் அவை விரட்டிய விதத்தைக் கண்டு பந்தய உலகம் வியந்தது. சிக்கல் பின்னால் வந்தது. கரிமத்துக்கும் ஃபுளோரினுக்கும் இடையிலான பிணைப்பு மிக வலிமையானது. அதனால், இச்சேர்மங்கள் இயற்கையில் சிதையாமல் பல்லாண்டுகள் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுகின்றன. பந்தய அணிகளுக்கு மெழுகு பூசும் பணியாளர்கள், மூடிய அறைகளில் அந்தப் புகையையும் தூளையும் நாள்தோறும் சுவாசித்தார்கள். நார்வேயிலும் சுவீடனிலும் ஆராய்ந்தபோது, அவர்களின் இரத்தத்தில் இச்சேர்மங்கள் பொதுமக்களிடம் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தன. பதக்கம் ஒருவர் கழுத்துக்கு. புகை வேறொருவர் நெஞ்சுக்கு.

இந்தக் கதை நம் தோட்டப்புறத்துக்குப் புதிதன்று. முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் அடித்த பாராகுவாட் என்னும் நஞ்சு, பல ஆண்டு வாதங்களுக்குப் பின் 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

ஃபுளோரின் மெழுகுக்கும் தடை வந்தது. அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் தடையை அறிவித்தது. எனினும், மெழுகில் ஃபுளோரின் இருப்பதைப் பந்தயத் திடலிலேயே நம்பகமாகக் கண்டறியும் கருவி அப்போது ஆயத்தமாக இல்லை. தடை தள்ளிப்போய், 2023-2024 பருவத்தில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இப்போது பலகையின் அடிப்பக்கத்தில் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திச் சோதிக்கிறார்கள். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவின் சோல்டன் நகரில் பருவத்தின் முதல் பந்தயத்திலேயே ஒரு வீராங்கனை இந்தச் சோதனையில் தகுதி இழந்தார். அணிகளின் பட்டறைகளில் பழைய தூரிகைகளையும் இஸ்திரிப் பெட்டிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. அவற்றில் ஒட்டியிருந்த பழைய மெழுகின் சுவடே புதிய பலகையைக் கெடுத்துவிடக்கூடும் அல்லவா?