பழைய ஆம்ப்ளிபயரும் புதிய டி.வி.யும்

அடுகோடி, லக்கசந்திரா, ஆஸ்டின் டவுன் பகுதிகளில் நம்மவர் வீடுகள் சிலவற்றில், ஹாலின் மூலையில் ஒரு பழைய ஆம்ப்ளிபயரும் ஐந்தாறு ஸ்பீக்கர்களும் துணி போர்த்தி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு காலத்தில் போனஸ் பணத்தில் ஆசையாக வாங்கியவை. பெங்களூரில் கேபிள் டி.வி.யை டிஜிட்டலாக மாற்ற 2013 மார்ச் 31 கெடு விதிக்கப்பட்டது. அதையொட்டி செட்டாப் பாக்ஸ் வந்தது. தட்டை டி.வி.யும் ப்ளூ-ரே பிளேயரும் சேர்ந்துகொண்டன. இவற்றில் பலவற்றில் ஹெச்.டி.எம்.ஐ. துளை உண்டு. அந்த முறையே 2002 இறுதியில்தான் வெளிவந்தது என்பதால், பழைய ஆம்ப்ளிபயரில் அது இராது. கடையில் கேட்டால், "இது இனி உதவாது சார், புது செட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அவசரப்பட வேண்டாம்.

தட்டை டி.வி.யின் ஸ்பீக்கர்கள் சிறியவை. பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ இருக்கும். வசனம் தெளிவாக விழாது. பழைய செட்டில் வசனத்துக்கென்றே நடு ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. காது சற்று மந்தமான பெரியவர்களுக்கும், தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசிவிட்டு வீட்டில் மட்டும் தமிழ் கேட்கும் பிள்ளைகளுக்கும் இது சிறிய விஷயமல்ல.

படமும் ஒலியும் ஒரே கம்பியில்தான் போக வேண்டும் என்பதில்லை. படம் ஹெச்.டி.எம்.ஐ. வழியே டி.வி.க்குப் போகட்டும். ஒலியைத் தனிக் கம்பியில் ஆம்ப்ளிபயருக்கு அனுப்பலாம்.

முதலில் ஆம்ப்ளிபயரின் பின்புறத்தைப் பாருங்கள். 'ஆப்டிகல்' என்று எழுதிய சதுரத் துளையோ, 'கோஆக்சியல்' என்று எழுதிய ஒற்றை வட்டத் துளையோ இருந்தால் வேலை சுலபம். பிளேயரிலோ செட்டாப் பாக்ஸிலோ அதே துளை இருந்தால் நேராக இணையுங்கள். இல்லாவிட்டால் டி.வி.யின் ஆப்டிகல் துளையிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஹெச்.டி.எம்.ஐ. வழியே வந்த ஒலியை வெறும் ஸ்டீரியோவாகச் சுருக்கி அனுப்பும் டி.வி.க்கள் உண்டு. அப்படியானால் பிளேயருக்கும் டி.வி.க்கும் நடுவே 'ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்' என்ற சிறு பெட்டியை வைக்கலாம். எஸ்.பி. ரோடு கடைகளில் கேட்டுப் பாருங்கள். கோஆக்சியலுக்குத் தனிக் கம்பி வாங்கத் தேவையில்லை, பழைய வி.சி.டி. பிளேயரின் மஞ்சள் கம்பியே போதும்.

கம்பி சரியாக இருந்தும் ஒலி வராவிட்டால் ஆம்ப்ளிபயரைக் குறை சொல்லாதீர்கள். டால்பி ட்ரூ-ஹெச்.டி., டால்பி டிஜிட்டல் பிளஸ் போன்ற புதிய முறைகள் ஆப்டிகல் கம்பியில் செல்லா. பழைய ஆம்ப்ளிபயருக்கும் அவை புரியா. பிளேயரின் அல்லது டி.வி.யின் ஆடியோ அமைப்புக்குப் போய் 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றுங்கள். அதில் 5.1 ஒலி முழுவதும் கிடைக்கும். 'பி.சி.எம்.' என்று வைத்தால் இந்தக் கம்பியில் ஸ்டீரியோ மட்டுமே வரும். பலர் வீட்டில் பின் ஸ்பீக்கர்கள் ஊமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து, 'ப்ரோ லாஜிக்' என்று மட்டும் எழுதிய இன்னும் பழைய ரகம். டிஜிட்டல் துளையே இராது. செட்டாப் பாக்ஸின் சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை அப்படியே செருகுங்கள். அந்த இரண்டு கம்பி ஒலியிலிருந்தே நடுவையும் பின்னையும் பிரித்தெடுக்கும் வித்தை ப்ரோ லாஜிக்குக்குத் தெரியும். டி.வி.யில் ஆப்டிகல் மட்டும் இருந்தால் ஒரு சிறு 'டேக்' பெட்டி வேண்டும். அந்த மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலானவை பி.சி.எம். தவிர வேறெதையும் அறியா. ஆகவே இங்கே மட்டும் டி.வி.யைப் பி.சி.எம்.மில் வைக்க வேண்டும்.

ஏமாற்றம் அதிகம் தருவது மூன்றாவது ரகம். அட்டையில் 5.1 என்று பெரிதாக எழுதியிருக்கும். பின்னால் ஆறு வட்டத் துளைகள் மட்டும் இருக்கும். உள்ளே ஒலியைப் பிரிக்கும் டிகோடர் கிடையாது. பழைய டி.வி.டி. பிளேயர் அந்த வேலையைச் செய்து ஆறு கம்பிகளில் அனுப்பிவந்தது. பிளேயர் போன பிறகு இரண்டு கம்பி மட்டும் செருகிவிட்டு, "செட் கெட்டுவிட்டது" என்று எடைக்குப் போட்டவர்கள் உண்டு. ஆப்டிகலை வாங்கி ஆறு கம்பிகளாகத் தரும் '5.1 டிகோடர்' பெட்டி ஒன்று போதும். வாங்கும்போது டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். இரண்டையும் பிரிக்குமா என்று கேட்டு, கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

எதைச் செருகும் முன்பும் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஆப்டிகல் கம்பியின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறக்காதீர்கள். கம்பியை மடக்கவும் கூடாது. நடிகரின் உதடு அசையும் முன்பே வசனம் கேட்டால், ஆம்ப்ளிபயரில் 'டிலே' இருக்கிறதா என்று தேடி, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அது இல்லாத செட்டுகளில், டி.வி.யில் 'கேம்' முறையைப் போட்டால் படம் தாமதமின்றி வரும்.

சப்வூபரை மட்டும் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். அடுகோடியின் ஒட்டு வீடுகளில் அந்த அதிர்வு அவர்கள் கட்டில் வரை போகும்.