ஆலைக் கூடத்துக் காற்றைச் சமன் செய்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். இதன்கண், கேரள–தமிழ்நாட்டு எல்லையில், சித்தூர் வட்டத்தில் அமைந்த ஊர் வேலந்தாவளம். தென்மேற்குப் பருவத்தில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இவ்வழியே கோவைச் சமவெளியுள் புகுகின்றது. பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து உலர்காற்று எதிர்த்திசையில் வீசுகின்றது. இவ்விரு காற்றுக்கும் நடுவே நின்று, ஆண்டு முழுவதும் ஒரே தன்மையுள்ள காற்றை வேண்டுவது நூற்பாலை.

கோவையில் 1888-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலைத்தொழில், 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பெருகியது. உலர்ந்த பஞ்சிழை நொறுங்கும், மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கும், நூல் அறும். ஈரம் மிகுந்தாலோ உருளையில் சுற்றிக்கொள்ளும். ஆகவே நூற்புக் கூடத்துக்கு 55 முதல் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் ஏற்றதாகக் கொள்ளப்படுகின்றது. 'காற்றுப் பதனம்' என்னும் கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயரிட்ட ஸ்டூவர்ட் கிரேமர் என்பவரும் ஓர் ஆலைப் பொறியாளரே என்பது (1906) நினைவுகூரத்தக்கது.

சமன் செய்தல் என்றால் என்ன?

உழவருக்கு இதனை விளக்குதல் எளிது. வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையை முழுதும் திறந்துவிட்டால் கடைமடை வயல் காயும். காற்றுக் குழாயிலும் அவ்வாறே. விசிறிக்கு அருகிலுள்ள வாயில் மிகுதியாகக் காற்றைப் பெறும். கோடியிலுள்ளது குறைவாகப் பெறும். வாயில்தோறும் உள்ள தடுக்கிதழை, அதாவது டாம்பரை, மடைப்பலகைபோல் இயக்கி, ஒவ்வொன்றும் தனக்குரிய பங்கைப் பெறச் செய்வதே சமன் செய்தல்.

முன்னாய்வு

அளவுக் கருவியை எடுக்குமுன், வடிகட்டிகள் தூய்மையாக உள்ளனவா, நீர்த்தூவிகள் அடைத்துள்ளனவா, வார்ப்பட்டை நழுவுகின்றதா என்று காணவேண்டும். மும்முனை மின்னிணைப்பு மாறினால் விசிறி எதிர்த்திசையில் சுழலும். மையவிலக்கு விசிறி அந்நிலையிலும் அதே பக்கமாகவே காற்றைத் தள்ளும். ஆனால் அளவு வெகுவாகக் குறையும். காற்று வருகின்றது என்பதுகொண்டே சுழற்சி சரியென்று முடிவு செய்தலாகாது. இறுதியில், தடுக்கிதழ்கள் யாவற்றையும் முழுதும் திறந்து வைக்க வேண்டும்.

அளத்தல்

குழாயின் நேரான பகுதியில் பிட்டோ குழலைச் செருகி, குறுக்குவெட்டில் பல புள்ளிகளில் திசைவேக அழுத்தத்தைக் காண்க. நடுவில் வேகம் மிகும், சுவரோரம் குறையும். ஆதலின் ஒரு புள்ளி போதாது. அழுத்தத்தைப் பாஸ்கல் அலகிலும் வேகத்தை நொடிக்கு மீட்டரிலும் கொண்டால், அழுத்தம் ஏறத்தாழ வேகத்தின் இருமடியை 0.6-ஆல் பெருக்கிய தொகையாகும். அழுத்தம் 15 எனில் வேகம் 5. ஒவ்வொரு புள்ளியின் அழுத்தத்தையும் முதலில் வேகமாக மாற்றி, பின்னரே சராசரி காணவேண்டும். சராசரி வேகம் 5, குழாயின் பரப்பு 0.5 சதுர மீட்டர் எனில், நொடிக்கு 2.5 கன மீட்டர் காற்று செல்கின்றது.

விகித முறை

மூன்று வாயில்களுக்கும் மணிக்கு 1000 கன மீட்டர் வீதம் திட்டமிட்டிருக்க, 1300, 1000, 700 என அளவு கிடைத்ததாகக் கொள்வோம். மொத்தம் 3000, கணக்கு சரி. ஆயினும் கோடியில் நிற்கும் தொழிலாளிக்கு 10-இல் 7 பங்கே கிட்டுகின்றது. மொத்தத்தை மட்டும் அளப்பவர் இக்குறையைக் காணார்.

மிகக் குறைந்த விகிதமுள்ள வாயிலின் இதழை முழுதும் திறந்தபடி விட்டு, மற்றவற்றைச் சிறிது சிறிதாக மூடி, மூன்றின் விகிதமும் ஒன்றாகும்வரை திருத்துக. ஒன்றை மூடினால் மற்றவை ஏறும். எனவே ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் மீண்டும் அளத்தல் வேண்டும். மூன்றும் 0.9-இல் ஒன்றுபட்டால், விசிறியின் வேகத்தை 11 விழுக்காடு உயர்த்த, யாவும் சேர்ந்து 1.0-ஐ எட்டும். ஆனால் காற்றின் அளவு வேகத்தைப் பொறுத்தது போலவே, அழுத்தம் வேகத்தின் இருமடியையும், மின்திறன் மும்மடியையும் பொறுத்தன. 11 விழுக்காடு வேகத்துக்கு 37 விழுக்காடு கூடுதல் மின்திறன் வேண்டும். மோட்டார் அதனைத் தாங்குமா என்று மின்னோட்டத்தை அளந்து அறிதல் கடமை.

பருவமும் சமநிலையும்

உலர்காலத்தில் உலர்குமிழ் 34, ஈரக்குமிழ் 22 பாகை எனில், ஈரப்பதம் சுமார் 35 விழுக்காடே. நீர்த்தூவல் அறை 90 விழுக்காடு திறனுடன் இயங்கினால், காற்று 23.2 பாகைவரை குளிரும். பருவமழையில் 28, 25 எனில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை நெருங்கும், குளிர்ச்சி 2.7 பாகையே. ஆகவே வெளிக்காற்று, மீள்காற்று இதழ்களின் நிலையை ஒரு பருவத்தில் வகுத்துவிட்டு அப்படியே விடுதல் கூடாது. பருவம் மாறும்போதெல்லாம் மீண்டும் அளக்க வேண்டும்.

தொழிலாளர் நலன்

பஞ்சு சிக்கெடுக்கும் கூடத்தில் தூசு நுரையீரலைத் தாக்கி, பிசினோசிஸ் என்னும் நோயைத் தரும். அங்கே உறிஞ்சு விசிறியின் அளவு குறைந்தால், அல்லது செலுத்தும் காற்று மிகுந்து தூசை அண்டைக் கூடத்துக்குத் தள்ளினால், கேடு நூலுக்கன்று, மூச்சுக்கே. எனவே செலுத்துவதையும் உறிஞ்சுவதையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுக. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் காற்றோட்டம், தூசு, செயற்கை ஈரமூட்டல் ஆகியவற்றுக்கு 13, 14, 15-ஆம் பிரிவுகளை ஒதுக்கியிருந்தது. ஈரமூட்டப் பயன்படும் நீர் குடிநீருக்கு ஒத்த தூய்மையுடையதாக இருத்தல் வேண்டுமென்று அது விதித்தது. அந்நீரே காற்றில் கலந்து தொழிலாளரின் மூச்சில் சேர்வதால், களப்பணியாளர் நீர்த்தொட்டியையும் ஆய்வுப் பட்டியலில் சேர்த்தல் நன்று.

ஆசிரியர்களுக்கு

இரண்டு வெப்பமானிகளுள் ஒன்றன் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் விசிறிமுன் வைத்து, ஆடி மாதத்திலும் தை மாதத்திலும் மாணவரைக் கொண்டு குறிப்பெடுக்கச் செய்க. வகுப்பறைச் சன்னலோரம் ஊதுவத்திப் புகையைப் பிடித்துக் காற்று புகுமிடத்தையும் வெளியேறுமிடத்தையும் வரைபடத்தில் குறிக்கச் செய்யலாம்.

பயிற்சி வினாக்கள்

1. திசைவேக அழுத்தம் 21.6 பாஸ்கல் எனில் காற்றின் வேகம் என்ன?

2. விசிறியின் வேகம் 20 விழுக்காடு குறைந்தால் மின்திறன் எத்தனை பங்காகும்?

3. மொத்தக் காற்றளவு சரியாயிருந்தும் ஒரு கூடம் சமனற்று இருத்தல் எவ்வாறு இயலும்?