தீர்த்தத் தொட்டி இரண்டானது ஏன்?



காக்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து ஞாயிறுதோறும் தமிழ்ப் பூசைக்குச் செல்வோர் பலர். நானும் அவர்களுள் ஒருவன். கோயிலுக்குள் நுழைந்ததும் எங்கள் கை தானாகவே நாடுவது வாயிலருகேயுள்ள தீர்த்தத் தொட்டியை. 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது உலகின் பல நாடுகளில் இத்தொட்டிகள் நீரின்றி வைக்கப்பட்டன. நுண்ணுயிரியல் பயிலும் எனக்கு அது தக்க ஏற்பாடாகவே தோன்றியது. ஆனால், நோயென்று பெயர் சொல்லித் தொட்டியை வேறாக்கிய பழங்கதை ஒன்றும் உண்டு. அதனை இங்கு ஆராய்வோம்.

தீர்த்தத் தொட்டி என்பது யாது? குருவானவர் மந்திரித்த நீரை வைக்கும் சிறு கற்கலமே அது. அந்நீரில் சிறிது உப்புச் சேர்ப்பதும் உண்டு. உள்ளே வருவோர் விரல் நுனியை நனைத்துச் சிலுவை அடையாளம் வரைவர். ஞானஸ்நானத்தை நினைவூட்டுவதே இதன் கருத்து. நம் ஊர்களில் திருக்குளத்தில் கால் அலம்பிக் கோயிலுக்குள் செல்வதில்லையா? பண்டைக் கிரேக்கரும் கோயில் வாயிலில் நீர் வைத்தனர். காசு போட்டால் தீர்த்தம் சொரியும் பொறியொன்றை முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா நகர ஹெரோன் விளக்கியுள்ளார்! காசின் எடையால் நெம்புகோல் சாயும், அடைப்புத் திறக்கும், நீர் ஒழுகும்.

இனிக் கதைக்கு வருவோம். பிரான்சு நாட்டில், நாம் நன்கறிந்த லூர்து நகருக்குத் தெற்கே, பிரெனே மலைச் சாரலில் சேன்-சவேன் என்னும் சிற்றூர் உளது. அதன் பழைய மடாலயக் கோயிலில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்தொட்டி ஒன்று நிற்கிறது. மனித உருவங்கள் தாங்குவதாகச் செதுக்கிய அதற்கு 'ககோக்களின் தொட்டி' என்று பெயர்.

ககோக்கள் யார்? அவர்களும் அதே மொழி பேசினர். அதே மதத்தைச் சார்ந்தனர். பெரும்பாலும் தச்சுத் தொழில் செய்தனர். ஆயினும் தொழுநோயாளரின் வழிவந்தோர் என்று கூறி ஊர் அவர்களை ஒதுக்கியது. பல ஊர்களில் அவர்களுக்குத் தனி வாசல், தனித் தொட்டி, தனிக் கல்லறை! நவார் நாட்டு ககோக்கள் முறையிட, 1515-இல் பாப்பரசர் பத்தாம் லியோ அவர்களையும் ஏனையோரைப் போல் நடத்துமாறு ஆணையிட்டார். எனினும் வழக்கம் எளிதில் மறையவில்லை.

இதனைப் படிக்கையில் நமது வடக்கன்குளம் நினைவுக்கு வரவில்லையா? 1872-இல் அங்கே எழுந்த கோயில் கால்சட்டையின் இரு கால்கள்போல் இரு பிரிவாக அமைந்தது. சாதிக்கொரு பிரிவு, நடுவே சுவர், பீடமோ ஒன்று! பின்னர்ச் சுவர் இடிக்கப்பட்டது. அப்பழைய பிரிவினையை உரிமையாகக் கேட்டவர் வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 1917-இல் ஏற்கவில்லை.

தொழுநோய்க் கிருமியை 1873-இல் கண்டவர் நார்வே நாட்டு ஹான்சன். அந்நோய் பரம்பரையாக வருவதன்று என்பது இன்று தெளிவு. கிருமிக்குச் சாதி தெரியாது. 2020-இல் தொட்டி வற்றியபோது எல்லோருக்கும் ஒன்றாகவே வற்றியது, அது நோய்த்தடுப்பு. ககோக்களுக்கு மட்டும் தனித் தொட்டி வைத்தது நோய்த்தடுப்பன்று. நோயின் பெயரால் செய்த தீண்டாமை.

நண்பர்களே! விஞ்ஞானம் கற்கும் நாம் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டாமா? "சுத்தம்", "சுகாதாரம்" என்று சொல்லி எவரேனும் தனிக்குவளை நீட்டும்போது, "இது எல்லோருக்குமா, சிலருக்கு மட்டுமா?" என்று கேட்போமாக!