கணக்கு எழுதும் பிள்ளை புகுந்த வீடு போனா, கணக்கும் கூடவே போகலாமா?



இந்த மாதம் கொஞ்சம் கம்ப்யூட்டர் பாடம். பயப்பட வேண்டாம். பழைய பேரேட்டை முடித்து, புதுப் பேரேட்டில் முன் இருப்பு எழுதத் தெரிந்த உங்களுக்கு இதுவும் கைவந்த வேலைதான்.

ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் சிலவற்றில் இப்போ ஒரு பொது ஏடு செல்போனிலேயே இருக்கு. வங்கிக் கடன் மனுவோடு என்னென்ன தாள் வைக்கணும், தீர்மானம் எப்படி எழுதணும், சாம்பார்ப் பொடிக்கு மல்லி எவ்வளவு மிளகாய் எவ்வளவு, போன கண்காட்சியில் எந்தப் பொருள் வித்தது, எது தேங்கிச்சு எல்லாம் அதில் இருக்கும். தெரிஞ்சவங்க எழுதுறாங்க, தப்பு இருந்தா இன்னொருத்தர் திருத்துறாங்க. இப்படி எல்லோரும் சேர்ந்து எழுதுகிற ஏட்டுக்கு ‘விக்கி’ என்று பெயர். 1995-ல் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கர் முதல் விக்கியை உண்டாக்கினார். ஹவாய்த் தீவு விமான நிலையத்தில் ஓடின ‘விக்கி விக்கி’ பஸ்ஸைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தாராம். அந்த ஊர் மொழியில் அதற்கு ‘சீக்கிரம்’ என்று அர்த்தம். விக்கல் என்று நினைத்துவிடாதீர்கள்!

சரி, அந்த ஏடு யார் பேரில் இருக்கு? இதைக் கேட்டால்தான் பல இடத்தில் முழிக்கிறாங்க. ஆரம்பத்தில் கணக்கு எழுதின பிள்ளையின் சொந்த ஜிமெயில் கணக்கில்தான் தொடங்கியிருப்பாங்க. இலவசம்தானே, அவசரத்துக்கு அதுதான் கையில் இருந்தது. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆகும், வேற ஊருக்குப் போவாள், போன் நம்பர் மாறும், பாஸ்வேர்டு மறக்கும். ரெண்டு வருஷம் யாரும் திறக்காத சொந்தக் கணக்கை கூகுள் அழிக்கலாம் என்பது 2023-ல் அறிவித்த விதி. கணக்கு அழிந்தால் உள்ளே இருக்கிற ஏடும் அழியும்.

‘அந்தப் பிள்ளை மேல சந்தேகமா?’ என்று யாராவது கேட்பாங்க. இல்லைங்க. குழுப் பணத்தை ஊக்குநரின் சொந்த பாஸ் புத்தகத்தில் போடுறோமா? குழு பேரில்தானே வங்கிக் கணக்கு தொடங்குறோம். அதே நியாயம்தான் இதுக்கும். அவளைக் கூட வைத்துக்கொண்டு, அவள் கையாலேயே இந்த வேலையைச் செய்யணும்.

முதலில் கூட்டமைப்பு பேரில் ஒரு புதுக் கணக்கு. அதற்குக் கூட்டமைப்பு போன் நம்பரைத்தான் கொடுக்கணும், தலைவி வீட்டுக்காரர் நம்பரைக் கொடுக்கக் கூடாது. இலவசமாக 15 ஜிபி இடம் கிடைக்கும். மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. எழுத்தும் கணக்கும் எடுக்கிற இடம் கடுகளவு. இடத்தை அடைப்பது கூட்டத்தில் எடுத்த போட்டோவும் வீடியோவும்தான். ஒரே கூட்டத்துக்கு நாற்பது போட்டோ எதுக்கு? நாலு போதும்.

இனி ஏட்டை மாற்றுவோம். இதற்கு ரெண்டு வழி உண்டு, ரெண்டும் ஒன்று இல்லை.

ஒன்று, உரிமையை மாற்றுவது. வீட்டுப் பத்திரத்தில் பேர் மாற்றுகிற மாதிரி. வீடும் அதேதான், கதவு இலக்கமும் அதேதான். பழைய கணக்கில் கம்ப்யூட்டர் வழியாக கூகுள் டிரைவைத் திறந்து, ஏட்டின் மேல் ‘ஷேர்’ கொடுத்து, புதுக் கணக்கை எழுதும் உரிமையோடு சேர்க்கணும். பிறகு அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ‘டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்’ என்று வரும். அதை அழுத்தினால் புதுக் கணக்குக்கு ஒரு மெயில் போகும். அங்கே ஒப்புக்கொண்டால்தான் உரிமை மாறும். அனுப்பியாச்சு என்று இந்தப் பக்கமே நின்றுவிட்டால் வேலை பாதிதான். இன்னொன்றும் கவனிக்கணும். பெட்டிக்கு, அதாவது ஃபோல்டருக்கு, உரிமை மாற்றினால் உள்ளே இருக்கிற ஏடுகளுக்கும் மாறிவிட்டதாக நினைக்கக் கூடாது. ஒவ்வொன்றாகத் திறந்து ‘ஓனர்’ யார் என்று பாருங்க.

ரெண்டாவது வழி, ‘மேக் எ காப்பி’ கொடுத்துப் படி எடுப்பது. இது பக்கத்திலேயே புது வீடு கட்டுகிற மாதிரி. யார் எப்போ எதைத் திருத்தினாங்க என்ற பழைய வரலாறு படியில் வராது. ஏட்டுக்குள் ‘இங்கே பார்க்கவும்’ என்று போட்ட இணைப்புகள் பழைய ஏட்டுக்கே கூட்டிப் போகும். ஊரில் எல்லோர் போனிலும் இருப்பது பழைய விலாசம். பாதிப் பேர் பழையதில் எழுதுவாங்க, பாதிப் பேர் புதியதில் எழுதுவாங்க. அடுத்த கூட்டத்தில் ‘நான் கட்டின தவணை எங்கே?’ என்று ஒருத்தி கேட்டால், எந்த ஏட்டைக் காட்டுவது? ஒரே கடனுக்கு ரெண்டு நிலுவை இருந்தால் சண்டை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் முடிந்த மட்டும் முதல் வழியே நல்லது. எந்த வழியானாலும், மாற்றுகிற அன்றைக்கு யாரும் எழுதக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்க.

வேலை தொடங்கும் முன், பழைய கணக்கில் ‘கூகுள் டேக்அவுட்’ மூலம் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டு, அலுவலக பீரோவில் வைங்க. இறக்குவதற்கு வருகிற இணைப்பு ஒரு வாரம் போலத்தான் இருக்கும், அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீங்க.

மாற்றியாச்சு. சரியாக வந்ததா? நம்ம பழைய முறைதான். முன்பு எத்தனை ஏடு இருந்தது, இப்போ எத்தனை? ரொக்கப் புத்தகத்தின் கடைசி இருப்பு ரெண்டு பக்கமும் ஒன்றா? மொத்தச் சேமிப்பு, மொத்தக் கடன் நிலுவை, உறுப்பினர் எண்ணிக்கை ஒத்துப்போகுதா? ஒத்துப்போனால் தேதி போட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்குங்க. ஒரு மாதம் புதுக் கணக்கிலேயே வேலை செய்து பார்த்த பிறகு, பழைய கணக்கில் மிச்சம் இருப்பதை அழிக்கலாம்.

இப்போ முக்கியமான விஷயம். உரிமையை மாற்றின பிறகும் பழைய சொந்தக்காரர் எழுதலாம் என்ற அனுமதி அப்படியே இருக்கும். நன்றி சொல்லி, அதை எடுத்துவிடணும். அதோடு, ‘இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்று ஏடு திறந்து கிடக்கிறதா என்றும் பாருங்க. பொடி செய்முறையை ஊரே பார்க்கட்டும். ஆனால் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், யார் எத்தனை தவணை பாக்கி என்ற பட்டியல் இதெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றினால் ஒரு பெண்ணின் மானம் போகும். கடன் விவரத்தைத் தனி ஏடாகப் பிரித்து, பொறுப்பாளர்களுக்கு மட்டும் திறங்க.

பாஸ்வேர்டை ஒருத்தர் மனசில் மட்டும் வைக்காதீங்க. எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே ரெண்டு பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு, பீரோவில் பூட்டுங்க. இரட்டைப் பாதுகாப்பு வைத்தால் கூகுள் 8 இலக்கத்தில் 10 எண்கள் தரும். போன் தொலைந்தால் அதில் ஒன்றைப் போட்டு உள்ளே போகலாம், ஒரு எண் ஒரு தடவைதான் செல்லும். அதையும் அதே உறையில் வைங்க. பொறுப்பாளர்கள் மாறும்போது சாவி கொடுக்கிற அன்றைக்கே உறையைப் பிரித்து, பாஸ்வேர்டை மாற்றி, புது உறை ஒட்டணும். யாராவது போனில் ஓடிபி கேட்டால், வங்கியிலிருந்து என்றாலும் சரி, கூகுளிலிருந்து என்றாலும் சரி, சொல்லாமல் போனை வைத்துவிடுங்க.