கெர்னலிலிருந்து ஒரு சுவிட்சைக் கழற்றுவது எப்படி?

லினக்ஸ் கெர்னலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சிவகாசியிலோ கிருஷ்ணன்கோவிலிலோ பொறியியல் படிக்கும் மாணவர் கேட்டால், புதிதாக எதையும் எழுதச் சொல்ல மாட்டேன். இருக்கிற ஒன்றை எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள் என்பேன். எடுக்கும்போதுதான் எது எதன்மேல் நிற்கிறது என்று தெரியும். அப்படிப் படிக்க நல்ல உதாரணம், கெர்னல் நிரலாளர் கீஸ் குக் 2024 தொடக்கத்தில் செய்த ஒரு நீக்கம். அந்த ஆண்டு மே மாதம் வெளியான 6.9 பதிப்பில் அது இடம்பெற்றது.

அவர் எடுத்தது ‘யுபிசான்’ என்ற பிழைதேடும் வசதியின் ஒரு சுவிட்ச். யுபிசானை ஆண்ட்ரே ரியாபினின் 2016இல், 4.5 பதிப்பில் கெர்னலுக்குக் கொண்டுவந்தார். சி மொழியின் தரநூல் ‘விளைவுக்கு நான் பொறுப்பில்லை’ என்று கைகழுவிய இடங்கள் பலவற்றில் கம்பைலரே ஒரு சோதனையைச் செருகிவிடும். 32 பிட் எண் ஒன்றை 32 இடம் இடப்பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். எக்ஸ்86 சில்லு அந்த 32இன் கடைசி ஐந்து பிட்டை மட்டும் பார்த்துப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். 1ஐக் கொடுத்தால் 1தான் திரும்ப வரும். பழைய 32 பிட் ஆர்ம் சில்லில் அதே வரிக்கு விடை 0. பவர்பிசியிலும் 0. உங்கள் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடும் நிரல் வேறொரு பலகையில் உளறுவது இப்படித்தான்.

முதல் வேலை, எடுக்கப்போகும் சுவிட்ச் என்ன செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பது. யுபிசான் என்பது வசதி. ‘யுபிசான் சானிடைஸ் ஆல்’ என்பது அதன் கீழே இருந்த இன்னொரு சுவிட்ச். அதைப் போட்டால் கெர்னல் முழுவதும் சோதனைக்கு உள்ளாகும். போடாவிட்டால், மேக்ஃபைலில் தனியாகக் கேட்டுக்கொண்ட கோப்புகள் மட்டும். நீக்கப்பட்டது இரண்டாவதுதான். வசதி அப்படியே இருக்கிறது.

அடுத்தது தேடல். கிட்டில் உள்ள கிரெப் கட்டளையை மூலநிரல் முழுவதற்கும் ஓட்டுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: சி கோப்புகளிலும் மேக்ஃபைல்களிலும் சுவிட்சின் பெயருக்கு முன்னால் ‘கான்ஃபிக்’ என்ற ஒட்டு இருக்கும்; சுவிட்சுகளை வரையறுக்கும் கே-கான்ஃபிக் கோப்புகளில் இருக்காது. ஒட்டோடு தேடினால் பாதிதான் அகப்படும். ஒட்டை விட்டுத் தேடுங்கள். கான்ஃபிக் கோப்புகள், ஆவணங்கள், சோதனை அடைவுகள் என்று எங்கெல்லாம் பெயர் வருகிறதோ அத்தனையையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சுவிட்சைப் பொறுத்தவரை ‘ஆர்ச்’ அடைவுக்குள் ஒரு வரிசையே நின்றது. ஆர்ம், ஆர்ம்64, மிப்ஸ், பாரிஸ்க், பவர்பிசி, ரிஸ்க்-ஃபைவ், எஸ்390, எக்ஸ்86 என்று ஒவ்வொரு செயலிக் கட்டமைப்பும் ‘முழுக் கெர்னலையும் சோதிக்க நான் தயார்’ என்று தன் கே-கான்ஃபிக்கில் ஒரு வரி வைத்திருந்தது. ரிஸ்க்-ஃபைவ் அடைவை நம்மவர்கள் கொஞ்சம் உரிமையோடு திறக்கலாம்: சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலி அந்தக் குடும்பம்தான், இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் வார்த்த அதன் சில்லில் 2018இல் லினக்ஸ் இயங்கியது.

தேடலில் ‘யுபிசான் வேண்டாம்’ என்று சொல்லும் மேக்ஃபைல் வரிகளும் நிறைய வரும். அவற்றில் கை வைக்காதீர்கள். கெர்னல் இன்னும் எழுந்திருக்காத தொடக்க நிலையில் ஓடும் நிரலுக்கும், கெர்னலோடு தொகுக்கப்பட்டாலும் பயனர் பக்கத்தில் ஓடும் வீடிஎஸ்ஓவுக்கும் புகாரைக் கேட்க ஆள் கிடையாது, அதனால்தான் விலக்கு. அந்த வரிகளில் பலவற்றைப் பிறகு மசாஹிரோ யமாடா 2024இலேயே தனியாகத் துப்புரவு செய்தார். அது வேறு வேலை, வேறு பேட்ச்.

இனி வருவதுதான் தலைவலி பிடித்த கேள்வி. ஒரு சுவிட்சை எடுத்தால் அது இனிமேல் எப்போதும் போட்டபடி இருக்குமா, அணைத்தபடி இருக்குமா? நீக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நேரெதிர் முடிவுகள் இருக்கின்றன. குக் ‘எப்போதும் போட்டபடி’ என்று முடிவெடுத்தார். பெரும்பாலோர் அப்படித்தான் பயன்படுத்தினார்கள். மேக்ஃபைலில் தனியாகக் கேட்டுக்கொண்ட கோப்பு என்று பார்த்தால், யுபிசானைச் சோதிக்கவே எழுதிய கோப்பைப் போல ஓரிரண்டுதான். சரியான முடிவு என்பதே என் எண்ணம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வசதியைப் போட்டு, இந்தச் சுவிட்சை மட்டும் அணைத்து வைத்திருந்தவர் பழைய கான்ஃபிக் கோப்பைப் புதுக் கெர்னலுக்குக் கொண்டுவந்தால், ‘ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கட்டளை தனக்குத் தெரியாத பெயரைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கெர்னல் மட்டும் பருத்து, வேகம் குறையும். ஆகவே பேட்சின் விளக்கத்தில் ‘நீக்குகிறேன்’ என்று எழுதி நிறுத்தாமல், எந்த நிலைக்கு நீக்குகிறேன், யாருக்கு என்ன மாறும் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

பேட்ச்களைப் பிரிப்பதற்கு வருவோம். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும் என்ற விதி எதற்கென்று சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேட்சுக்கும் அதே கணக்குதான்: எந்த ஒன்றோடு நிறுத்தினாலும் கெர்னல் தொகுக்கப்பட வேண்டும், இயங்க வேண்டும். கிட்டின் பைசெக்ட் கட்டளையால் பழுது தேடுபவர் உங்கள் தொடரின் நடுவில் வந்து நிற்கக்கூடும். பொதுவாகப் பயன்படுத்தும் இடங்களை முதலில் எடுத்து, வரையறையைக் கடைசியில் எடுப்பதுதான் முறை. ஆனால் குக் இதை ஒரே பேட்சாகப் போட்டார். கட்டமைப்புகள் வைத்திருந்த அந்த வரியின் பெயரும் கூடவே மாறியது. ‘சானிடைஸ் ஆல்’ என்ற வால் போய், யுபிசான் வரைக்கும் நின்றது. பொதுக் கோப்பில் ஒரு பேட்ச், ஆர்முக்கு ஒன்று, மிப்ஸுக்கு ஒன்று என்று துண்டாக்கினால், நடுவில் சில கட்டமைப்புகளில் யுபிசானே காணாமல் போய்விடும். பிரிக்கச் சொல்லும் அதே காரணம்தான் இங்கே சேர்க்கச் சொல்கிறது.

பிறகு தொகுத்துப் பாருங்கள். எல்லாக் கட்டமைப்புக்கும் வன்பொருள் வாங்கத் தேவையில்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் ஆர்ம்64, ரிஸ்க்-ஃபைவ், பவர்பிசி, எஸ்390க்கான குறுக்குக் கம்பைலர்கள் பொட்டலங்களாகவே கிடைக்கின்றன. கிளாங் என்றால் ஒரே நிறுவலிலேயே பல கட்டமைப்புகளுக்குத் தொகுக்கலாம். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் பாருங்கள். ஒன்று சும்மா இருக்கும் இடத்தில் மற்றது எச்சரிக்கும். குறிப்பாக ‘ஸ்டாக் அளவு மீறியது’ என்ற எச்சரிக்கையைக் கவனியுங்கள். சோதனை செருகினால் ஃபங்க்ஷன்கள் ஸ்டாக்கில் கூடுதல் இடம் பிடிக்கும்.

தொகுப்பது மட்டும் போதாது. கியூஎம்யூ எமுலேட்டரில் ஏற்றி இயக்கி, ‘டெஸ்ட் யுபிசான்’ மாட்யூலைச் செருகுங்கள். அது வேண்டுமென்றே தவறு செய்யும். டிமெசேஜில் ‘யுபிசான்: ஷிஃப்ட் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ என்று தொடங்கி, கோப்புப் பெயரும் வரி எண்ணும் வர வேண்டும். வராவிட்டால், சுவிட்சை எடுக்கிறேன் என்று வசதியையே எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

அனுப்பும் சடங்குகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: செக்பேட்ச், உங்கள் ‘சைன்டு ஆஃப்’ வரி, யாருக்கு அனுப்புவது என்பதற்கு ‘கெட் மெயின்டெய்னர்’ ஸ்கிரிப்ட், எளிய உரை மின்னஞ்சல். பல கட்டமைப்புகளைத் தொடும் பேட்ச் என்றால் அந்த ஸ்கிரிப்ட் நீண்ட முகவரிப் பட்டியலைக் கக்கும். பயந்து யாரையும் வெட்டாதீர்கள். புதியவற்றைச் சேர்க்கும் இரண்டு வார இடைவெளியில் அனுப்பினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முதல் ஆர்சி (சோதனைப் பதிப்பு) வந்தபின் அனுப்புங்கள். உங்களிடம் இல்லாத கட்டமைப்பில் ஏதாவது உடைந்தால் இன்டெலின் சோதனை ரோபோ கான்ஃபிக் கோப்போடு கடிதம் போடும். அதில் உள்ளபடியே தொகுத்துப் பார்த்த பிறகு பதில் எழுதுங்கள்.

பயிற்சிக்கு எந்தச் சுவிட்சை எடுப்பது என்று தேடி அலைய வேண்டாம். கெர்னலின் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அடைவில் ‘செக் கே-கான்ஃபிக் சிம்பல்ஸ்’ என்ற பைத்தான் நிரல் இருக்கிறது. வரையறை போய்ப் பெயர் மட்டும் மிஞ்சிய சுவிட்சுகளை அது பட்டியலிடும். அதில் ஒன்றைத் தேர்ந்து, எந்தக் கமிட்டில் அதன் வரையறை போனது என்று கிட் வரலாற்றில் கண்டுபிடித்து, மிச்சத்தை எடுத்து அனுப்புங்கள்.