மாவுப்பூச்சியின் பெயரைச் சொல்லும் மரபணு

மரவள்ளியின் குருத்து சுருங்கி, இலைகள் கொத்தாகக் கூடினால் அது மாவுப்பூச்சியின் வேலை. ஆனால் மாவுப்பூச்சியில் பல இனங்கள் உண்டு. எந்த இனம் என்று தெரிந்தால்தான் அதை அழிக்கும் ஒட்டுண்ணியைத் தேட முடியும்.

1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளிப் பயிருக்கு மாவுப்பூச்சி பெருநாசம் விளைவித்தது. அதற்குத் தென் அமெரிக்காவில் ஒட்டுண்ணி தேடியவர்கள், முதலில் அதே சாயலுள்ள வேறோர் இனத்தின் ஒட்டுண்ணிகளைக் கொண்டு சென்றனர். அவை பயன் தரவில்லை. 1981-ல் பராகுவே நாட்டில் சரியான இனம் அகப்பட்ட பிறகே, அனகைரஸ் லோபெசி என்னும் குளவி கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் காணப்பட்டது. பின்னர் தமிழகத்திலும் பரவியது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இக்குளவி விடப்பட்டது.

நிலம் அளப்பது போல

இப்போது பூச்சியின் உருவத்தோடு அதன் மரபணுவையும் பார்த்து இனத்தை உறுதி செய்கிறார்கள். உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் தனியே ஒரு மரபுத்தொகுதி உண்டு. பூச்சிகளில் இது பொதுவாக 15,000 முதல் 16,000 எழுத்துகள் கொண்டது. இதில் 37 மரபணுக்கள் அடங்கும்: புரதத்திற்கு 13, கடத்தும் ஆர்.என்.ஏ.வுக்கு 22, ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கு 2.

ஆய்வுக்கூடத்திலிருந்து இது எல்லைக்கல் நடாத நிலம் போல, ஒரே நீண்ட எழுத்து வரிசையாக வருகிறது. எந்த மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கல் நடுவது கம்ப்யூட்டர் மென்பொருளின் வேலை. ஜெர்மனியின் லைப்சிக் நகர விஞ்ஞானிகள் உருவாக்கி 2013-ல் வெளியிட்ட 'மைட்டோஸ்' அவற்றுள் ஒன்று. புரத மரபணுக்களைத் தெரிந்த உயிரினங்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டும், கடத்தும் ஆர்.என்.ஏ.வை அதன் மடிப்பு வடிவத்தைக் கொண்டும் இது அடையாளம் காண்கிறது.

கருவியும் தவறும்

சர்வேயர் அளவுச் சங்கிலியை மாற்றி எடுத்தால் எல்லை தவறிவிடும். இங்கும் அப்படியே. டி.ஜி.ஏ. என்ற மூன்றெழுத்து வழக்கமான பட்டியலில் 'நிறுத்து' என்று பொருள்படும். பூச்சியின் மைட்டோகாண்ட்ரியாவிலோ அது டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கும். முதுகெலும்பற்ற பிராணிகளுக்கான 5-ம் எண் பட்டியலைத் தேர்ந்தெடுக்காவிட்டால், முழு மரபணுவும் நடுவில் அறுபட்டது போலத் தோன்றும்.

மாவுப்பூச்சிக்கு உறவான செதில் பூச்சிகள் சிலவற்றில் கடத்தும் ஆர்.என்.ஏ.க்கள் மிகக் குட்டையானவை. கருவி இவற்றைத் தவறவிடக்கூடும். எனவே ஏதேனும் ஒன்று காணாவிட்டால், 'இல்லை' என்று முடிவு கட்டாமல் கையாலும் சரிபார்க்க வேண்டும். கல் தவறினால் ஒப்பீடும் தவறும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

புதிய பூச்சியைக் கண்டால் உடனே மருந்தடிக்காமல் வேளாண்மை அலுவலரிடம் தெரிவிக்கவும். மாதிரி எடுக்கும்போது ஊர், பயிர், தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வைக்கவும். பூச்சி தாக்கிய விதைக்கரணைகளை வேறு ஊருக்குக் கொண்டு செல்லக் கூடாது. குளவி விட்ட வயலில் பூச்சிமருந்து தெளித்தால் குளவியும் சேர்ந்து மடியும் என்பதை மறக்க வேண்டாம்.